மூன்று படி மேடை

1

இந்தக் கதை ஒரு கட்டடத்திலிருந்து வந்தது. மனிதர்களே இல்லாமல் ஓர் அரண்மனையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

நாயக்கர் காலத்தில் எழுந்து, மராத்தியர் காலத்தில் விரிந்து, இன்று கலைக்கூடமாக நிற்கும் இந்த அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் –

நிறுத்திவிட்டேன். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையே இதைவிட நன்றாக இருக்கும்.

(தஞ்சாவூரில் போய்த் தேடாதீர்கள். பார்த்த மூன்று நான்கு கட்டடங்களைச் சேர்த்து நானே கட்டியது.)

2

மண்டபத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆள் கைகோத்தாலும் அடங்காத தூண்கள். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சுதை. வளைவுகளில் யாளி, கிளி, கொடி, சிறகு முளைத்த குழந்தைகள். ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடவில்லை. மௌனம் விரும்பியான எனக்கு முதலில் தலை வலித்தது. பிறகுதான் புரிந்தது: இத்தனை அலங்காரமும் ஒரே இடத்தை நோக்கித்தான் ஓடுகிறது. நடுவில் மூன்று படி உயர மேடை. அரசன் அங்கே. மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.*

* அந்த மேடையில் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஐம்பொன் அம்மன். கொள்ளிடக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து, களவுக்குப் பயந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து வைத்தது. இந்த அடிக்குறிப்புதான் என் திட்டத்தைக் கெடுத்தது.

3

அம்மனோடு அம்சம் என்ற பெண்ணும் கதைக்குள் வந்துவிட்டார். அதே ஊர். ஐம்பது வயது. கலைக்கூடத்தில் துப்புரவுப் பணி. ஊரில் அவர் தெருவுக்குள் அம்மன் வந்ததே இல்லை. சப்பரம் வாய்க்கால் மதகோடு திரும்பிவிடும். இங்கே தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது அவர்தான். முகத்துக்கு முகம்.

(அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அழுகிற ஆள் இல்லை.)

4

ஊர்த் திருவிழாக் குழுத் தலைவர் துரைராசு மனுவோடு வந்தார். கோயிலுக்கு இரும்புக் கதவு போட்டாயிற்று. அம்மனைத் திருப்பிக் கேட்கிறார்கள். எல்லாத் தெருவின் கையெழுத்தும் வேண்டும். அம்சம் போட்டால்தான் அவர் தெரு போடுமாம்.

"ஒரு கையெழுத்துதானே அம்சம். ஆத்தா நம்ம ஊருக்கு வரணும்ல?"

"வரட்டுங்க. வந்தா எங்க தெருவுக்கும் வருமாங்க?"

"அது வந்தப்புறம் பேசிக்கலாம்."

"பேசி முடிச்சிட்டே வந்திருக்கலாங்களே. பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் சும்மாதானே உக்காந்து வந்தீங்க."

"உனக்கு வாய் பெருசாயிடுச்சு."

"மண்டபம் அப்படிங்க. மெதுவாச் சொன்னாலும் பெருசாத்தான் கேக்கும்."

5

முடிவு, ஒன்று: கையெழுத்திடுகிறார். அடுத்த சித்திரையில் சப்பரம் மதகைத் தாண்டுகிறது. (இது என் ஆசை. ஆசையை நடந்ததாக எழுதக் கூடாது.)

முடிவு, இரண்டு: மறுக்கிறார். அம்மன் இங்கேயே இருக்கிறாள். ஊர் அவர் தெருவைப் பார்த்து, உங்களால்தான் என்று –

இரண்டையும் எழுத எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அம்சம் பேனாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "கண்ணாடி பாதியில நிக்குதுங்க. முடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரு பதிலை யோசிச்சு வைங்க." மேடையைச் சுற்றிக் கட்டிய தடுப்புக் கயிற்றை விலக்கி மூன்று படி ஏறினார். துரைராசு கயிற்றுக்கு இந்தப் பக்கம், மனுவோடு, அண்ணாந்து நிற்கிறார். கட்டியவன் நினைத்தபடியே மண்டபம் வேலை செய்கிறது.

அம்சம் நிதானமாகத் துடைக்கிறார்.

துரைராசுக்குப் பக்கத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனா என்னிடம் இல்லை. மேடைமேல் இருக்கிறது.