ஓட முடியாதவர்கள்

பனி விலகாத ஏழாம் நம்பர் மலையில் கைகள்தாம் முதலில் விழித்துக்கொள்கின்றன. ஈரத் தேயிலைக் கொழுந்தை ஒடித்து ஒடித்து விரல் நுனிகள் வெடித்திருக்கும். வெடிப்பில் சாறு ஏறிக் கறுத்திருக்கும். கூடைக் கயிறு தலையை அழுத்தும். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு நனைந்து முழங்காலில் ஒட்டும். அதற்குக் கீழே அட்டை ஏறும்.

"ஏன்டி சவரி, ஒன் மாதாகிட்டச் சொல்லி இந்த அட்டைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துடேன். கடிக்கிறதயாச்சும் விடும்" என்றாள் பேச்சியம்மா.

"வேதத்துல சேந்தவங்க மட்டும் கடிக்காமலா இருக்காங்க?" என்றாள் சவரியம்மா. பக்கத்து நிரையில் அவளுடைய தங்கை ஷாமிலா சிரித்தாள்.

சவரியம்மாவின் இடது கால் கோணல். ஒரு மழை நாளில் கூடையோடு தண்ணீர் ஓடும் கானில் விழுந்து ஒடிந்தது, சரியாகச் சேரவில்லை. தோட்டத்துக்கு அவள் அதைச் சொன்னதில்லை. காலைப் பெரட்டு வரிசையில் நிற்கும்போது யாருக்கும் நோயில்லை. விடியலில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கையில் முட்டிவலிக்காரி நிமிர்ந்து நிற்பாள். இளைப்புக்காரி மூச்சை அடக்குவாள். மாசமாக இருப்பவள் வயிற்றைப் படங்கால் மறைப்பாள். முடியாது என்று சொன்னால் பாதிச் சம்பளம்தான், அரைப்பேர். அடிக்கடி சொன்னால் பெயரே இல்லை.

மேட்டு மரத்தில் பானை அளவுக்குக் குளவிக்கூடு தொங்கியது. கணக்கப்பிள்ளை யோகேஸ்வரனிடம் பெண்கள் சொல்லியிருந்தார்கள். "ஆள் வரும்" என்றிருந்தார் அவர். ஆள் வரவில்லை.

அன்று கழுகு மோதியதோ, காற்று ஆட்டியதோ, கூட்டிலிருந்து குளவிகள் கலைந்து பாய்ந்தன. கூடைகளை எறிந்துவிட்டு எல்லோரும் ஓடினார்கள். ஷாமிலா ரோட்டுக்கே வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கோணல் கால் கானுக்குள் சிக்கியிருந்தது.

ஷாமிலா திரும்பி மேலே ஏறினாள். தன் படங்கை அவிழ்த்து அக்காவை மூடி, அதன்மேல் தானே கவிழ்ந்து படுத்தாள்.

தீப்பந்தத்தோடு ஆம்பிளைகள் வந்து சேர்ந்தபோது அவள் முகம் அடையாளம் தெரியவில்லை. அம்புலன்ஸ் இல்லை. கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல் கிடத்திக் கொண்டுபோனார்கள். ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் முனகினாள். ஒரு வளைவுக்குப் பிறகு முனகவில்லை.

அடக்கம் முடிந்த மாலையில் சவரியம்மா தோட்டத்துச் சின்னக் கோயிலில் தனியே இருந்தாள். முழந்தாளிட முடியாமல் சிமெந்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தன வருசமா ஒரு நல்ல கால் கேட்டேன் ஆண்டவரே. குடுத்திருந்தா எந் தங்கச்சி இருப்பாளே."

சுவரில் சாயம் உரிந்த சிலுவை, அதில் ஆண்டவர். வெகுநேரம் பார்த்திருந்தவளின் கண் அந்தக் கால்களில் போய் நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து ஆணி அறைந்த கால்கள். அவராலும் ஓட முடியவில்லை. பலசாலி ஒருவர் இறங்கி வந்து அவளைத் தூக்கிவிடவில்லை. ஓட முடியாத ஒருவர் அவளோடு இருந்தார், அவ்வளவுதான். அது ஆறுதல்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுது முடித்தபோது, அந்தக் கோணல் காலை இனி யாரிடமும் ஒளிப்பதற்கு அவளுக்கு மனமில்லை.

மறுநாள் பெரட்டுக்குத் தோட்டத்துத் துரையே வந்தார்.

"நடந்தது கவலதான். ஆனா அந்தப் புள்ள தப்பிச்சு ரோட்டுக்கு வந்துருச்சு. திரும்பிப் போனது அதோட விருப்பம். அதுக்குத் தோட்டம் என்ன செய்யும்? ஏழாம் மலையில கொழுந்து முத்துது. இன்னைக்கு எடுக்கணும்."

"கூடு இன்னும் மரத்துலதாங்க இருக்கு" என்றாள் நாகலெட்சுமி.

"ஆள் வரும். அதுவரைக்கும் பாத்து எடுங்க. குளவி வந்தா ஓடுங்க."

சவரியம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள். எல்லோரும் பார்க்க, விந்தி விந்தி வந்தாள்.

"தொரை, என்னால ஓட முடியாதுங்க. காலு ஒடிஞ்சு கோணலா சேந்துருச்சு. இத்தன நாளா மறச்சேன். நான் மலைக்குப் போனா எனக்காக யாராச்சும் திரும்பி வருவாங்க. இன்னொருத்தி வரக்கூடாதுங்க. நான் ஏற மாட்டேன்."

"சும்மா இரு சவரியம்மா, பேரு போயிரும்" என்று கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"போகட்டுங்க ஐயா. தங்கச்சியே போயிட்டா."

துரை தோளைக் குலுக்கினார். "ஓட முடியாதவங்க வீட்டுக்குப் போகலாம். மத்தவங்க மலைக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. பேச்சியம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"அப்போ நானும் வீட்டுக்குத்தாங்க. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு."

நாகலெட்சுமி படங்கை அவிழ்த்தாள். "எனக்கு அஞ்சாம் மாசம்ங்க" என்றாள். லயத்து வீடுகளில் பலருக்கும் அதுவரை தெரியாத செய்தி அது.

"எனக்கு இளைப்பு."

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. தடவித்தான் கொழுந்து எடுக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து பூரணி கையைத் தூக்கினாள். வாட்டசாட்டமான பெண், எப்போதும் முதலில் மலை ஏறுகிறவள். "எனக்கு ஒரு நோயும் இல்லீங்க. பயமா இருக்கு. அது போதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

"இது என்ன, ஆஸ்பத்திரியா?" துரை கத்தினார்.

"ஆஸ்பத்திரி தூரமுங்க தொரை. உசுரோட போய்ச் சேர முடியாது" என்றாள் பேச்சியம்மா.

"இன்னைக்கு ஒருத்தருக்கும் பேர் இல்ல!" ஜீப் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது.

அன்றைக்குக் கூலியில்லை. நாளைக்கு வேலையிருக்குமா என்று தெரியாது. கூடு அப்படியே தொங்கியது. சவரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"திரும்பிப் போனது அவ குத்தம்னு சொல்றாங்க. அத அப்படியே விட்டா அவள ரெண்டாந்தரம் பொதச்ச மாதிரி. அக்கரப்பத்தனை பொலிசுக்குப் போறேன். கூடு இருந்துச்சு, சொன்னோம், எடுக்கலன்னு சொல்லப் போறேன்."

"போறேன் என்னடி போறேன்? போறோம்" என்றாள் பேச்சியம்மா.

பூரணியும் இளம் பெண்களும் விறுவிறுவென்று முன்னே இறங்கினார்கள்.

"ஏய், எங்கடி பறக்குறீங்க? சவரி முன்னால நடக்கட்டும். அவ நடையிலதான் எல்லாரும்" என்று அதட்டினாள் பேச்சியம்மா.

"அப்படிப் போனா பொழுது சாஞ்சிருமே அக்கா!"

"சாயட்டும்."

இளம் பெண்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். சவரியம்மா கோணல் காலை எடுத்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் பெரட்டு முழுவதும் தன் கால்களை அடக்கி அடக்கி இறங்கியது. இரண்டாவது வளைவில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அத்தனை பேரும் நின்றார்கள்.