நாற்பது மீட்டர் அகலம்

ஆபீஸ் வாசலில் "நாற்பது மீட்டர் அகலத்துக்குத் தங்கம்!" என்று பேனர் கட்டியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கம் தேடித் துளைபோடும் அந்தக் கம்பெனியின் ஒரே ஜியாலஜிஸ்ட் அவள்தான். வீட்டில் அவளுக்குக் கல்லுப்பைத்தியம் என்று பெயர். முதலாளி அவளுடைய சொந்த அக்காவின் புருஷன்.

கதவைத் தட்டாமலே அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"யாரைக் கேட்டு அத்தான் இதைக் கட்டினீங்க? தங்கம் இருக்கிற வெள்ளை வரி, பாறைக்குள்ள செங்குத்தா நிக்குது. அதுக்குக் குறுக்கே துளை போட்டாத்தான் அகலம் தெரியும். நீங்க துளையை வரியோடவே நாற்பது மீட்டர் கீழ இறக்கிட்டு, அதை அகலம்னு போட்டிருக்கீங்க. ஊரை ஏமாத்தவா?"

"துளை நெடுகத் தங்கம் வந்துச்சுல்ல? அப்புறம் என்ன? குடும்பத்துக்குள்ள இருந்துக்கிட்டு நீயே குழி பறிக்காதே."

அவள் விடுவிடுவென்று போய், முன்பு தானே குறுக்கே துளைபோட்டு எடுத்த கல்லுருளையைக் கொண்டுவந்து மேசையில் டொம்மென்று வைத்தாள். கோடி கோடி வருஷத்துக் கரும்பச்சைப் பாறை. நடுவில் ஒரேயொரு வெள்ளை வரி, அதில் பொட்டுப்பொட்டாகத் தங்கம். அந்த வரிமேல் தன் சுண்டுவிரலை வைத்தாள். வரி இருந்த இடமே தெரியவில்லை.

"இதுதான் அத்தான் உங்க நாற்பது மீட்டர்."