முட்டை பூசிய மஞ்சள் விளக்கு

உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருந்த அத்தாவுல்லா பாய்க்குப் பிள்ளைகள் மூன்று என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூத்தவள் உம்முல் குல்சும். அடுத்தவன் வாணியம்பாடியில் படிக்கிறவன். கடைக்குட்டி, கறுப்புக் கார். கடைக்குட்டிக்குத்தான் செல்லம் அதிகம்.

அந்தக் காரின் பம்பருக்குக் கீழே மஞ்சள் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்று இருந்தது. பாய் மெட்ராசுக்குப் போய் வாங்கி வந்து பொருத்தியது. மார்கழிப் பனியில் சாதாரண விளக்கைப் போட்டால், வெளுத்த வேட்டியில் பட்ட மாதிரி வெளிச்சம் திரும்பி வந்து ஓட்டுகிறவன் கண்ணையே குத்தும். மஞ்சள் விளக்கு அப்படியல்ல. தரையோடு தரையாகப் போய் ரோட்டைத் தேடிக் கொடுக்கும். இதைப் பாய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், கேட்காதவர்களிடமும்.

காரை ஓட்டியவன் காலனி அருள்தாஸ். அதற்கு முன்னால் பாயின் மண்டியில் மூட்டை தூக்கியவன். அவனுக்கு முன்பு ஓட்டிய கோபால், பானெட் மேல் ஆடு ஏறிப் படுத்திருந்ததைப் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆடு இறங்கியது, கோபாலும் இறங்கினான். இப்போது அதே மண்டியில் சாக்கு தைக்கிறான். இதையும் பாய் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ரம்ஜான் நோன்பும் மார்கழிப் பனியும் ஒன்றாக வந்த வருஷம் அது. அறுவடை நேரம். பாய் வீட்டு வாசலெல்லாம் நெல் காய்ந்ததால், காரைக் காலனி சர்ச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். காலனியே இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. அருள்தாஸின் பெண்சாதி மார்த்தாள் மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் பாய் காரை ஊரிலேயே விட்டுவைத்தார். அன்றைக்கு விடியற்காலைப் பனியில் அவரைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த அருள்தாஸ், காரை நிறுத்தி, குடிசைக்குள் போய்க் கோரைப்பாயில் சாய்ந்தான். மார்த்தாள் காரைச் சுற்றி வந்தாள். மஞ்சள் கண்ணாடி முழுக்க வயல் பூச்சிகள் வெந்து அப்பிக்கிடந்தன. புருஷன் எழுந்திருப்பதற்குள் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று நினைத்தாள். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு, ஒரே வீச்சாகக் கண்ணாடி மேல் ஊற்றினாள்.

டிக்.

சுண்டுவிரல் சொடுக்கிய சத்தம்தான். கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் மயிரிழை மாதிரி விரிசல் ஒன்று வளைந்து போயிருந்தது. மார்த்தாள் குனிந்தாள். தொட்டுப் பார்த்தாள், விரல் சுட்டது. அவ்வளவு நேரம் எரிந்த விளக்கு சூடாக இருக்கும் என்பது, ஊற்றியதற்கு அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது.

கண்ணுக்கு முன்னால் கோபால் வந்தான், கையில் சாக்கு ஊசியோடு. அருள்தாஸின் காக்கிச் சட்டை கொடியில் தொங்கியது. அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு அவன் மறுபடி மூட்டை தூக்கப் போவதை நினைத்துப் பார்த்தாள்.

“இன்னாடி மார்த்தா, கார்கிட்ட ஜெபம் பண்ணிக்கினு கீற?”

பக்கத்து வீட்டுச் செங்கேணி. அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். மறைக்க முடியாது என்று தெரிந்து மார்த்தாள் விரலால் காட்டினாள். செங்கேணி குனிந்து பார்த்தாள். வாய்க்குள் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.

“அடியே. போச்சுடி ஒங்கூட்டுக்காரன் சட்டை.”

“ஏற்கெனவே ஒடம்பு நடுங்குது, நீ வேற சும்மா இருக்கா.”

“நான் சும்மாத்தான் கீறேன். பாய் சும்மா இருப்பாரா, அதச் சொல்லு.”

மார்த்தாளுக்கு அப்போதுதான் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தது. பாயின் பெண்சாதி பதுருன்னிசாவின் பீங்கான் ஜாடி ஒரு தடவை விரிசல் விட்டபோது, முட்டை வெள்ளைக்கருவில் சுண்ணாம்பு குழைத்துப் பூசி ஒட்டிக் கொடுத்தவள் அவள்தான். இன்றைக்கும் அதில் எலுமிச்சங்காய் ஊறுகிறது, ஒரு சொட்டு கசிந்ததில்லை. பீங்கான் ஒட்டினால் கண்ணாடியும் ஒட்டும்.

கோழி அடைகாத்துக்கொண்டிருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்தாள். கோழி கொத்தியது, அதையும் வாங்கிக்கொண்டாள். செங்கேணியின் சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு. திருப்புளி அருள்தாஸின் தலைமாட்டில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து வந்து, அவன் பல்பு மாற்றும்போது பார்த்திருந்த மாதிரியே வளையத்தைக் கழற்றினாள். கண்ணாடி முழுசாகவே கைக்கு வந்தது.

“வெள்ளைக் கோடு தெரியுதே, கொஞ்சம் மஞ்சத்தூள் போடட்டா?” என்றாள்.

“சுண்ணாம்புல மஞ்சளப் போட்டா செவந்துரும்டி. பாய் வந்ததும் ஆரத்தி சுத்தத்தான் ஆவும்.”

மஞ்சளை விட்டாள். உள்பக்கம் ஒரு பூச்சு, வெளிப்பக்கம் ஒரு பூச்சு. பயத்தில் கை தாராளமாகவே போயிற்று. வெயிலில் காய வைத்து மாட்டி, மேலே ஒரு சாக்குத் துண்டைக் கட்டினாள். சாயங்காலம் அருள்தாஸ், “இன்னாத்துக்கு இது?” என்று கேட்டபோது, “பூச்சி ஒட்டாம இருக்கட்டும்னு” என்றாள். பெண்சாதிக்குக் கார் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவனுக்கு உச்சி குளிர்ந்தது. அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது.

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் மண்டி வாட்ச்மேன் வேதகிரி ஓடி வந்து கதவைத் தட்டினார்.

“அருளு, வண்டிய எடு. பெரிய பொண்ணுக்கு வலி கண்டுடுச்சி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். பாய் காஞ்சிபுரத்துலயே தங்கிட்டாரு, அவருக்குச் சொல்ல ஆளு போயிக்கீது. மார்த்தா, நீயும் வா, கூட ஒரு பொம்பள வேணுமாம்.”

மார்த்தாள் வெளியே வந்து பார்த்தாள். பனியில் சர்ச்சு இல்லை. காரே அரைவாசி இல்லை. இந்தப் பனியில் அந்த மஞ்சள் விளக்கை நம்பித்தான் போக வேண்டும். அதன் பின்னாலேயே தானும் உட்கார்ந்து போக வேண்டும். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அருள்தாஸ் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சாக்கை அவிழ்த்து எறிந்தான். வாய் தானாக மூடிக்கொண்டது.

பின் சீட்டில், திரை போட்ட ஜன்னல்களுக்கு நடுவே, உம்முல் குல்சும் தாயின் தோளில் சாய்ந்து முனகினாள். அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு மார்த்தாள். ஏரிக்கரை ரோட்டுக்கு ஏறும் வரையில் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று அவள் நினைத்தபோது, அந்த வாசனை வந்தது.

முதலில் லேசாக. அப்புறம் சந்தேகமில்லாமல். அடுப்பில் முட்டை பொரிகிற வாசனை.

பதுருன்னிசா மூக்கை உறிஞ்சினாள். நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாள், அதற்குள் மகளுக்கு வலி வந்துவிட்டது. இனி பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் கிடையாது.

“அருளு, நோன்புக்காரி வண்டியில ஆம்லெட்டு தின்னுக்கினு வரியா?”

“ஐயோ, நான் இன்னும் நாஷ்டாவே பண்ணலம்மா.”

“அப்போ இது இன்னா வாசனை?”

“எனக்கும் அடிக்குது. யாரோ வூட்டுல போடறாங்க போல.”

இடது பக்கம் ஏரி, வலது பக்கம் வயல். எந்த வீடு? மார்த்தாள் உம்முல் குல்சுமின் பாதத்தை இறுக்கிப் பிடித்தாள், வலி தனக்கே வந்த மாதிரி.

அதைவிட மோசமானது வெளிச்சம். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. சூட்டில் வெந்த வெள்ளைக்கரு, படலம் விழுந்த கண் மாதிரி கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தது. அருள்தாஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினான். ரோடு தெரியவில்லை. கரைக்குக் கீழே தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது, சக்கரத்துக்கு ரொம்பப் பக்கத்தில்.

திடீரென்று பனிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் முளைத்தன. அருள்தாஸ் பிரேக்கை மிதித்தான். கார் ஒரு பக்கமாக இழுத்து நின்றது. பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, நெல் மூட்டை வண்டியின் காளை ஒன்று நிதானமாக அசை போட்டது. வண்டிக்காரன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். இடது சக்கரம் கரையின் விளிம்பில் நின்றது. கொஞ்சம் மண் சரிந்து ஏரியில் விழும் சத்தம் கேட்டது.

“விளக்குக்கு இன்னா ஆச்சின்னே தெரியல” என்றான் அருள்தாஸ். அவன் குரல் நடுங்கி மார்த்தாள் கேட்டதேயில்லை. “பாத்துப் பாத்து மெதுவாப் போயிடறேம்மா.”

உம்முல் குல்சும் கத்தினாள். மெதுவாகப் போக நேரமில்லை, வேகமாகப் போக வெளிச்சமில்லை. மார்த்தாள் கதவைத் திறந்து இறங்கினாள்.

“நிறுத்துய்யா. வெளக்கு நான் ஒடச்சது. நான்தான் முட்டை பூசி ஒட்டி வெச்சேன். அதான் வேவுது.”

காளை பெருமூச்சு விட்டது.

அருள்தாஸ் திருப்புளியோடு முன்னால் ஓடினான். குனிந்து பார்த்தான். பிறகு, பூச்சைக் கழுவிவிடலாம் என்று குடிதண்ணீர் கூஜாவைத் தூக்கினான். மார்த்தாள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

“தண்ணி ஊத்தாதய்யா. ஊத்தித்தான் ஒடஞ்சிச்சி.”

அப்போதுதான் அவனுக்கு முழுக் கதையும் புரிந்தது. அவளைப் பார்த்த பார்வையை அவள் வெகுநாள் மறக்கவில்லை. ஆனால் அவன் கூஜாவைக் கீழே வைத்தான். முந்தானையைச் சுருட்டிச் சூட்டைத் தாங்கிக்கொண்டு அவள் வளையத்தைப் பிடிக்க, அவன் திருகினான். கண்ணாடி இரண்டு துண்டாக அவள் மடியில் விழுந்தது. மூடியில்லாத பல்பின் வெளிச்சம் வெள்ளைதான் என்றாலும், பம்பருக்குக் கீழிருந்து தரையோடு ஓடி, கரையின் விளிம்பையும் வண்டிக்காரனின் திறந்த வாயையும் காட்டியது.

செங்கல்பட்டு வரைக்கும் மார்த்தாள் அந்தப் பல்பின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு போனாள். பனித்துளி ஒன்று பல்பின் மேல் விழுந்தால் போதும், இன்னொரு டிக். ஒவ்வொரு பள்ளத்திலும் காதைக் கூர்மையாக்கினாள். மடியில் கண்ணாடித் துண்டுகள் சூடு ஆறிக்கொண்டு வந்தன. பதுருன்னிசா மகளின் தலையைத் தடவிக்கொண்டே ஒரு தடவைதான் பேசினாள்.

“என் ஜாடிக்குப் பண்ண வைத்தியமா?”

“ஆமாம்மா.”

“ஜாடிய யாரும் அடுப்புல வெக்கலடி.”

அத்தாவுல்லா பாய் வெயில் ஏறியபின் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் முதலில் பார்த்தது காரைத்தான், அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் மார்த்தாள் கண்ணால் பார்த்தாள். முன்னால் போய்க் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“கண்ணாடி எங்க?”

“கல்லு...” என்று அருள்தாஸ் ஆரம்பித்தான்.

“கல்லு இல்ல பாய்” என்றாள் மார்த்தாள். மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள், பிடிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து கையை எடுத்தாள். “தண்ணி. சூட்டுல நான்தான் ஊத்திட்டேன். அவருக்குத் தெரியாது.” மடியை விரித்துக் காட்டினாள்.

பாய் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். நோன்பு வாய்க்கு அது என்ன செய்ததோ, முகம் கோணியது. “சாவிய எடு” என்று அருள்தாஸிடம் கையை நீட்டினார்.

பின்னாலிருந்து பதுருன்னிசாவின் குரல் வந்தது. “பேரன் பொறந்து கிடக்கறான். உள்ள வந்து பாக்கறீங்களா, இல்ல அவன் நெத்தியிலயும் ஒரு மஞ்ச லைட்டு மாட்டி இங்க எடுத்தாரட்டா? மார்த்தா மட்டும் ஏரிக்கரையில வாயத் தொறக்கலன்னா உங்களுக்குப் பாக்க ஒண்ணுமே இருந்திருக்காது.”

பாய் நீட்டிய கையை மடக்கினார். ஆனாலும் அவர் மண்டிக்காரர், ஒரேயடியாக விட்டுக்கொடுக்கத் தெரியாது. “பெருநா கழிஞ்சாத்தான் மெட்ராசு போவேன். அதுவரைக்கும் இதையே ஒட்டி மாட்டு. பனியில எரிய வெச்சி நானே பாப்பேன். தண்ணி இறங்கிச்சோ, வெளிச்சம் மங்கிச்சோ, சாவிய வெச்சிட்டு மூட்டை தூக்கப் போ.”

குடிசைக்கு முன்னால் அருள்தாஸ் வெந்நீரில் முட்டையைச் சுரண்டிக் கழுவினான். மார்த்தாளோடு பேசவில்லை. நன்றாகக் காய்ந்தபின் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, தச்சன் பஞ்சாட்சரத்திடம் வாங்கி வந்த வார்னிஷை, கோழி இறகால் தொட்டு விரிசலின் வெளிப்பக்கத்தில் மட்டும் மெல்லிசாக ஓடவிட்டான். விளக்கின் அடியில் ஈரம் வடியும் சின்ன ஓட்டை ஒன்று உண்டு, அதை மூடாமல் விட்டான். கல் படாமலிருக்க எலிப்பொறிக் கம்பிவலையை வெட்டி முன்னால் கட்டினான். மேலே மாட்ட ஒரு கித்தான் உறை மட்டும் மார்த்தாள் தைத்தாள், கேட்காமலேயே. அவன் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாய் சொன்னபடி பனியில் வந்து நின்றார். விளக்கு எரிந்தது. பாய் போர்வைக்குள்ளிருந்து பார்த்தார். செங்கேணி வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். மார்த்தாள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தாள். வெகுநேரம் எரிந்தது. விரிசல் ஒரு வெளிர்க்கோடாக நின்றது, வெளிச்சம் நிற்கவில்லை.

“எலிப்பொறி போட்ட காரு இந்த ஜில்லாவுலயே என்னுதுதான்” என்றார் பாய். சாவியைக் கேட்காமல் தொழுகைக்குப் போய்விட்டார்.

“பொழச்சடி” என்றாள் செங்கேணி. “இன்னிக்காவது கோழிக்கு ஒரு முட்டைய விடு.”

பாய் பெருநாள் கழிந்து மெட்ராசுக்குப் போனார். பேரனுக்குத் தொட்டில் வாங்கி வந்தார், கண்ணாடி வாங்கவில்லை. அருள்தாஸ் காரை நிறுத்தும்போதெல்லாம் மார்த்தாள் முதலில் சொம்பைத் தூக்கி எட்டாத இடத்தில் வைப்பாள். பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, புறங்கையை அந்த வளையத்தில் வைத்துப் பார்ப்பாள். ஆறியிருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பாள்.