யாரு இன்னும் ஓடிக்கினு கீறாங்க?

1

இது ஒரு பத்திரிகைக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. விளையாட்டு இணைப்பிதழ் ஒன்றின் ஆசிரியர் என்னிடம் கேட்டது எளிமையான விஷயம்தான். விளையாட்டு வீரர்களின் உடலைத் தயார்செய்யும் பயிற்சியாளர்களில் சென்னையில் சிறந்தவர்கள் யார், அந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் யாரிடம் போய்க் கற்கலாம், ஒரு பக்கத்துக்கு எழுதித் தாருங்கள் என்றார். ஓடக் கற்றுத்தருபவர் வேறு. ஓடும் உடல் உடையாமல் இருக்க, பளு தூக்கவும் குதிக்கவும் ஓய்வெடுக்கவும் கற்றுத்தருபவர் இவர். ‘ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச்’ என்று பெயர்ப்பலகைகளில் இருக்கும்.

தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே தடுக்கியது. ‘வலிமை மற்றும் உடற்தகுதிப் பயிற்சியாளர்’ என்றால் அரசாணை போல இருக்கிறது. ‘கண்டிஷன்’ என்றே விடலாமென்றால், அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. பழைய பைக் விற்பவர் “வண்டி நல்ல கண்டிஷன்ல கீது” என்பார். மகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பாத அப்பா “கண்டிஷனா சொல்லிட்டேன்” என்பார். நான் பார்த்த பயிற்சியாளர்களில் பாதிப் பேர் அந்த அப்பா வகை.

கட்டுரைக்காக நான் பேசிய தபஸ்ஸும் என்ற பெண்தான் அதைக் கதையாக்கினாள். யார் சிறந்தவர் என்று கேட்டேன். தெரியாது, தானே அதைத்தான் இரண்டு பேரிடம் கேட்கப் போகிறேன் என்றாள். பிறகு, “நீங்களும் வாங்க சார். பத்திரிகைக்காரர் பக்கத்துல இருந்தா கொஞ்சம் யோசிச்சி பதில் சொல்லுவாங்க” என்றாள்.

2

முதல் தொடக்கம்: ‘அதிகாலையில், நகரம் விழிக்கும் முன்பே தபஸ்ஸும் எழுந்து’

விட்டுவிட்டேன். கதைகளில் வரும் பயிற்சியாளர்கள் எல்லோரும் அதிகாலையில் எழுகிறார்கள். தபஸ்ஸுமுக்குப் பத்து மணி பேட்ச்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஒரு காலத்தில் நானூறு மீட்டரில் மாநில அளவில் ஓடியவள், முழங்கால்’

இதுவும் வேண்டாம். முழங்காலுக்குள் நுழைந்த கதை வெளியே வராது.

ஆகவே இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன். தபஸ்ஸுமுக்கு இருபத்தாறு வயது. வீடு இராயப்பேட்டையில். அப்பா மெஹபூப் அலி ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார்களுக்கு சீட் கவர் தைத்துப் போடுகிறார். அவள் தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில், ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் உள்ள ஜிம்மில் வேலை பார்க்கிறாள். எடை குறைக்க வரும் இல்லத்தரசிகளும், நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் தொப்பையைத் தொலைக்க வரும் மாப்பிள்ளைகளும்தான் அங்கே அதிகம். மாலையில் மயிலாப்பூரில் ஒரு மாநகராட்சித் திடலில் நிஷா என்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு நீளம் தாண்டப் பயிற்சி தருகிறாள். அதுதான் அவளுடைய உண்மையான வேலை. சம்பளமில்லாத வேலை.

நிஷாவுக்குக் கொஞ்ச நாளாகக் கெண்டைக்காலுக்கு முன்புறம், எலும்பின் மேல் வலி. வரும் ஞாயிறு மாவட்டத் தேர்வு. தேர்வானால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கலாம். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருவதும் முடிவுக்கு வரும். குதிக்க விடலாமா, நிறுத்த வேண்டுமா? தபஸ்ஸுமுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது தெரிந்த அன்றுதான் ஒரு வருடம் யாரிடமாவது உதவியாளராகச் சேர்ந்து ஒழுங்காகக் கற்பது என்று முடிவெடுத்தாள். இரண்டு பேர் சேர்த்துக்கொள்ளத் தயார். இருவருக்கும் இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மெஹபூப் அலி இதையெல்லாம் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டிருக்கிறார். “சீட்டு கிழிஞ்சா நான் தைச்சிருவேன். அந்தப் பொண்ணு காலு போச்சுன்னா நீ இன்னாம்மா பண்ணுவே?”

3

நிஷாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் பிரதியில் அவள் இல்லை. ஒரு பெண் ஆசிரியரைத் தேடுகிறாள், அவ்வளவுதான். படித்த நண்பர் ஒருவர், “தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தால் என்ன, அடுத்த வருஷம் வேறு ஆள்” என்றார். நியாயம்தான் என்று நிஷாவை உள்ளே கொண்டுவந்தேன். கொண்டுவந்ததும் கூச்சமாக இருந்தது. வாசகரை உட்காரவைக்க ஒரு சின்னப் பெண்ணின் வலிக்கும் காலை நடுவில் வைப்பது மலிவான வித்தை. எடுத்துவிடட்டுமா என்று தபஸ்ஸுமிடமே கேட்டேன்.

“அவள எடுத்துட்டா நான் எதுக்கு சார் கத்துக்கப் போறேன்?” என்றாள்.

நிஷா இருக்கிறாள்.

4

செம்பியனின் மையம் அடையாறு காந்தி நகரில் இருக்கிறது. கும்பகோணத்துக்காரர், ஆஸ்திரேலியாவில் படித்தவர். பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் ‘வாங்க, போங்க’ என்பார். தரையில் ஒரு தட்டைப் பதித்திருக்கிறார். அதன்மேல் நின்று குதித்தால் கால் எவ்வளவு விசையோடு உந்தியது என்று திரையில் எண் வரும். வருபவர்கள் எல்லோரும் முதலில் குதிக்க வேண்டும். வழக்கத்தைவிட எண் குறைந்தால் உடல் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அன்று பளு கிடையாது. நாங்கள் போனபோது ஒரு பேட்மிண்டன் வீரர், ஷூ புதுசு, அதனால்தான் எண் குறைகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தார். “ஷூவையும் கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க” என்றார் செம்பியன்.

தபஸ்ஸும் தன் கேள்வியைக் கேட்டாள். “உங்களாண்ட கத்துக்கினவங்கள்ல யாரு சார் இன்னும் ஓடிக்கினு கீறாங்க?”

அவர் எங்களைச் சுவரில் இருந்த படங்களிடம் கூட்டிப்போனார். இவர் தேசிய அளவில் வென்றார், இவர் ஆசியப் போட்டிக்குப் போனார். அவள் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, “ஓடினவங்க இல்ல சார். ஓடிக்கினு கீறவங்க” என்றாள்.

செம்பியன் பதிலை யோசித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

“காயம்னு தெரிஞ்ச நிமிஷமே டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் திரும்பி வந்தவங்க கம்மி. நான் பின்னால போய்க் கேட்டதும் இல்ல. ஆனா ஒண்ணுங்க, எனக்குத் தெரியாததை நான் தொட்டதே இல்ல. நீங்க இங்க வந்தா முதல்ல அதைத்தான் கத்துக்குவீங்க.”

வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல மனிதர் என்றாள் தபஸ்ஸும். ஆனால் நிஷாவை அப்படி அனுப்பினால் அவள் எங்கே போவாள், ஆஸ்பத்திரி வரிசையில் யார் கூட நிற்பார்கள், ஸ்கூல் என்ன ஆகும், பஸ் என்ன ஆகும். நிஷா விஷயத்தில் அனுப்புவது என்றால் கைவிடுவது என்று அர்த்தம்.

5

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் கதை புரியும். ஆனால் என் பிழை இங்கேதான் இருக்கிறது.)

அன்று வீட்டுக்கு வந்து தபஸ்ஸுமின் கேள்வியை அச்சுத் தமிழில் இப்படி எழுதினேன்: ‘உங்களிடம் பயின்று ஓடியவர்கள் யார்?’ எழுதிப் படித்தபோது செம்பியனின் பதிலில் குறையே தெரியவில்லை. ஓடியவர்கள் யார் என்று கேட்டால் படங்களைத்தானே காட்டுவார்? அவர் காதில் விழுந்ததும் என் கையில் வந்ததும் ஒரே கேள்வி. அவள் கேட்டது வேறு. அவளுடைய கேள்வியின் பாரம் முழுக்க ‘கினு’வில் இருந்தது. தெருப்பேச்சு என்று நான் களைந்து எறிந்தது அதைத்தான்.

‘இருக்கிறாள்’ என்பது ‘கீறாள்’ ஆனது போல, ‘கொண்டு’ என்பது சென்னைத் தெருவில் ‘கினு’ ஆகிவிட்டது.* ஓடினாள் என்றால் ஓட்டம் முடிந்துவிட்டது. கோப்பை இருக்கலாம், கால் இல்லாமலும் போயிருக்கலாம். ஓடிக்கினு கீறாள் என்றால் கால் இருக்கிறது. ஒரு பயிற்சியாளரைப் பற்றி இதற்குமேல் என்ன கேட்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு அன்றே தகவல் அனுப்பினேன், கட்டுரை வராது என்று.

*மயிலாப்பூரின் சில வீடுகளில் அதே ‘கொண்டு’ வேறு வழியில் தேய்ந்து ‘ண்டு’ ஆனது. அடுத்த பகுதியில் கேட்கும்.

6

மைதிலி ஒரு காலத்தில் வாலிபால் ஆடியவர். இப்போது மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், பெண்களுக்கு மட்டும் பயிற்சி தருகிறார். பழைய லாரி டயர்கள், பார்பெல்கள், கயிறுகள். தட்டு இல்லை, திரை இல்லை. ஒருத்தி குந்தி எழும்போது இவர் பளுவைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். யாரையும் ‘நீ’ தான். என்னை மட்டும் ஒருமுறை ‘நீங்கள்’ என்றுவிட்டு அதையும் மறந்துவிட்டார்.

கேள்வியைக் கேட்டபோது அவர் ஸ்கிப்பிங் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“சில பேர் ஓடிண்டிருக்கா. சில பேர் வேலை, கொழந்தைன்னு நிறுத்திட்டா, அது அவா இஷ்டம். ஒருத்தி என்னால நின்னா.”

நாங்கள் கேட்காமலே சொன்னார். வலிக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். போட்டி பயம் என்று இவர் நினைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் ஓடு, சரியாகிவிடும் என்றாராம். எலும்பில் விரிசல் விட்டுப்போயிற்று.

“இப்ப அவங்க?” என்றாள் தபஸ்ஸும்.

“வாராவாரம் வருவா. என்னோட பேசிண்டுதான் இருக்கா. ஓடறதுதான் இல்ல.” கயிற்றை ஆணியில் மாட்டினார். “நீ எங்கிட்ட வந்தா அந்தத் தப்பு எப்படி நடந்ததுன்னு ஒண்ணு விடாம சொல்லித் தரேன். இனிமே தப்பே வராதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

லஸ் முனை வரை நடந்தோம். இவரிடம் போனால் நிஷாவை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்றாள் தபஸ்ஸும். கொஞ்சம் நடந்து, “நிஷா இருப்பா சார். காலு?” என்றாள்.

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று: தபஸ்ஸும் அடையாறுக்குப் போகிறாள். எதைத் தொடக்கூடாது என்று கற்கிறாள். நிஷா ஒரு நாள் திடலுக்கு வரவில்லை. பிறகு வருவதே இல்லை.

இன்னொன்று: தபஸ்ஸும் மயிலாப்பூரில் சேர்கிறாள். ஒருநாள் யாரோ ஒரு பெண் வலிக்கிறது என்கிறாள். தபஸ்ஸும் அவள் முகத்தைப் பார்த்து, பயம்தான் என்று

இதை முடிக்கவில்லை.

மூன்றாவதில் அவள் இருவரிடமும் போவதில்லை. உலகின் பெரிய பயிற்சியாளர்களின் வீடியோக்களைப் பார்த்துத் தானே கற்கிறாள். நவீனமான முடிவு என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் தபஸ்ஸுமுக்கு அனுப்பினேன். ஜிம்மில் ஒரு மாப்பிள்ளை டிரெட்மில்லில் மூச்சு வாங்கிய நேரத்தில் படித்திருக்கிறாள். அழைத்தாள். வீடியோ முடிவைத்தான் முதலில் அடித்தாள். “அதாண்ட நான் கேக்கலாம் சார். அது என்னைத் திருப்பி ஒண்ணும் கேக்காதே.” பிறகு குறையைச் சொன்னாள்: “ரெண்டு பேரையும் நல்லவங்களா எழுதிட்டீங்க. ஒருத்தரையாச்சும் கெட்டவரா வெச்சிருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும்.”

8

அன்று மதியமே அவள் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து நிஷாவைப் பற்றிச் சொன்னாள். ஒருவரையொருவர் சந்தித்திராத அந்த இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வலிக்கும் இடத்தை அவளையே காட்டச் சொல். உள்ளங்கையால் எலும்பு நெடுகத் தடவிக் காட்டினால், பெரும்பாலும் அசதி, குறைத்துக்கொண்டு பார்க்கலாம். ஒரே புள்ளியில் ஒரு விரலை வைத்தால் அன்றைக்கே நிறுத்து. எலும்பில் விரிசல் விழ ஆரம்பித்திருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும்.

(நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தன் காலைத் தானே தீர்மானிக்க வேண்டாம்.)

அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

9

மாலை. திடலில் வேலியோரம் நான் நிற்கிறேன். நிஷா பள்ளிப் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். ஓடும் பாதையின் முனையில் தபஸ்ஸும் அவளை நிறுத்தினாள்.

“எங்க வலிக்குது? கைய வெச்சிக் காட்டு.”

“வலியே இல்லக்கா.”

“காட்டு.”

நிஷா தபஸ்ஸுமின் முகத்தைப் படித்தாள். அவள் முட்டாள் இல்லை.

“எப்டிக் காட்டுனா குதிக்க வுடுவே?”

தபஸ்ஸும் பார்வையை அவள் காலுக்கு இறக்கினாள். நிஷா குனிந்தாள்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ‘உள்ளங்கை’ என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அவள் குதிப்பாள். எழுதியும் பார்த்தேன்: ‘நிஷா உள்ளங்கையால் காலை நெடுகத் தடவி’. வாக்கியம் நிற்கவில்லை. அவள் கால் என் வாக்கியத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு விரல். கணைக்கால் எலும்பின் நடுவுக்குச் சற்றுக் கீழே, கொசு கடித்த இடத்தைக் காட்டுவது போலத் துல்லியமாக.

குதிக்கக் கூடாது என்பது தபஸ்ஸுமுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு இனி யாரும் தேவையில்லை. இருந்தும் நாலடி தள்ளிப்போய்ப் போனை எடுத்தாள். ஒரே ஒருவரைத்தான் அழைத்தாள். யாரை என்று எனக்குத் தெரியும், கேட்கும் தூரத்தில்தான் நின்றேன். எடுத்தவர் சொன்ன முதல் சொல்லை எழுதினால் உங்களுக்கும் தெரிந்துவிடும்: செம்பியன் என்றால் ‘சொல்லுங்க’, மைதிலி என்றால் ‘சொல்லுடி’. அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

“                    ”

“ஒரு வெரலத்தான் வெச்சா,” என்றாள் தபஸ்ஸும். “நிறுத்திடறேன். இத அவளாண்ட நான் எப்டி சொல்றது?”

இதற்கும் ஒரு பதில் வந்தது. அதையும் எழுதப்போவதில்லை. நீங்கள் யாரிடம் கற்பீர்களோ, அவர் சொல்லக்கூடியதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. மணற்குழியின் சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலின் ஷூவைக் கழற்றிவிட்ட நிஷா, மற்றதைக் கழற்றாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.