பொழுது சாய்வதற்குள்

1965இல், செவிலியர் படிப்பின் கடைசி மூன்று மாதப் பயிற்சிக்காக நீலாஞ்சனாவும் மங்கையும் செஞ்சிக்குப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றுக்கு வந்தார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் ஒரே அறையில் தங்கினார்கள். காலையில் கிராமங்களுக்குப் போவது மங்கையின் முறை. மதியத்துக்கு மேல் நீலாஞ்சனா.

வகுப்பில் நீலாஞ்சனாதான் முதல். இங்கே மூன்றாவது வாரமே தடுமாறினாள். பிறந்த குழந்தையின் எடையை ஆறு பவுண்டுக்குப் பதில் பதினாறு என்று எழுதிவிட்டாள்.

“இன்னாம்மா இது? பதினாறு பவுண்டுல கொழந்த பொறக்குமா?” என்றார் மேற்பார்வையாளர் ரத்தினம்மாள். “இன்னொரு தப்பு வந்தா ஸ்கூலுக்கே திருப்பி அனுப்பிடுவேன்.”

காரணம் மங்கைக்குத் தெரியும். சமணக் குடும்பத்துப் பெண்ணான நீலாஞ்சனா பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டாள். ஊர் ஊராக நடக்கும் அவசரத்தில் கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரிக்க நேரமிருக்காது. அறைக்குத் திரும்பும்போது இருட்டிவிடும். மறுநாள் காலை வரை பட்டினிதான்.

“சொல்லிடேன் நீலா. முறைய மாத்திக்கலாம்.”

“பாவம் பாத்து மாத்துனாங்கன்னு பேரு வேணாம்.”

“இதுல இன்னா பாவம்? காலைல பாதிப் பொம்பளைங்க கொல்லைல களை எடுக்கப் போயிடறாங்க. நான் பூட்டின வீட்டப் பாத்துட்டு வரேன்.”

நீலாஞ்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்து, யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று வீடு வீடாக எழுதினாள். மறுநாள் அதோடு போய் ரத்தினம்மாள் முன் நின்றாள்.

“பிள்ளை பெத்தவங்க காலைல வீட்லதான் இருக்காங்க. அவங்கள நான் பாக்கறேன். கொல்லை வேலைக்குப் போறவங்கள சாயங்காலம் மங்கை பாக்கட்டும். வேலயக் கொறைக்கச் சொல்லலம்மா, நேரத்த மாத்தச் சொல்றேன். பொழுது சாஞ்சா நான் சாப்பிடமாட்டேன். பசியோட வேல செஞ்சுதான் தப்பு வந்துச்சு.”

ரத்தினம்மாள் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “வந்தன்னிக்கே இதச் சொல்றதுக்கு இன்னா? சரி, பதினஞ்சு நாள் பாக்கறேன்.”

பன்னிரண்டாம் நாள் காலை, நீலாஞ்சனா போன தெருவில் ஒருத்திக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. ஆள் அனுப்பி ரத்தினம்மாள் வந்து சேர்வதற்குள் தலை தெரிந்தது; கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. நீலாஞ்சனா விரலை விட்டுக் கொடியைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

மாற்றிய முறை கடைசிவரை நீடித்தது; பயிற்சி முடிந்த அன்று இருவருக்கும் நல்ல மதிப்பெண். சான்றிதழை வாங்கிய பிறகும் நீலாஞ்சனா நகரவில்லை.

“அடுத்து வர்ற பொண்ணுங்கள எங்க தங்கறீங்க, எப்ப சாப்புடுவீங்கன்னு மொத நாளே கேட்டுடுங்கம்மா.”

“கேக்கறேன்” என்றார் ரத்தினம்மாள். “பஸ் வந்துடும், கெளம்புங்க.”