ஆடும் நாற்காலியும் இரண்டு சம்பந்திகளும்

“புதுசா எதையும் வாங்கிட்டு வந்துடாதீங்க சம்பந்தி. உங்க வீட்ல புழங்கின சாமான் ஏதாவது ஒண்ணு குடுங்க. அது போதும் எங்களுக்கு.”

சம்பந்தியம்மா இப்படிச் சொன்னதும் பாலிஷ்காரருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. வார்க்காதா பின்னே? மகளும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் போகிறார்கள். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்று ஒரு பட்டியலை நீட்டுவார்களோ என்று பயந்துகொண்டுதான் மனுஷன் அந்த வீட்டுப் படியே ஏறியிருந்தார். “அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு” என்று வாய் நிறையச் சொன்னார். கொடுத்த டீயைக் குடித்தார், விடைபெற்றார். மூன்று மாடி இறங்கும்வரைதான் அந்த நிம்மதி. கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது: நம்ம வீட்டில் புழங்கின சாமான் என்று என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. தன்னடக்கம் எல்லாம் கிடையாது, நிஜமாகவே ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வருடத்தில் பதினோரு வாடகை வீடு. ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் வண்டியில் ஏறாதது யாருக்காவது போய்விடும், ஏறியது பாதி வழியில் உடைந்துவிடும். அவர் வேலை பார்ப்பதோ ஒரு பெரிய மேசை நாற்காலிக் கடையின் பின்கட்டில். வரும் வழியில் கீறல் விழுந்த சாமானையெல்லாம் தேய்த்து, பாலிஷ் போட்டு, புதுப்பெண் மாதிரி ஆக்கி முன்கட்டுக்கு அனுப்புவார். ஊரார் வீட்டு மேசையில் அவர் தயவால் முகம் பார்க்கலாம். சொந்த வீட்டில் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் ஒன்றுக்குக் கால் கோணல்.

சம்பந்தி வீடு இதற்கு நேர் எதிர். சம்பந்தியம்மா நூலகத்தில் வேலை பார்க்கிறவர். எதையும் தூக்கிப்போட மனசு வராது. பெயின்ட் டப்பாவில் கற்றாழை வளர்ப்பார், கிழிந்த ஜீன்ஸைக் கடைக்குப் போகும் பையாக்குவார், பிறந்தநாள் பரிசைப் போன வருடத்துக் காலண்டர் தாளில் சுற்றித் தருவார். மகனுடைய பள்ளிச் சீருடைகளை வெட்டி, ஒட்டுப்போட்டு, புதுக் குடித்தனத்துக்கு ஒரு போர்வையே தைத்துவிட்டார். ‘இது எங்கம்மாவோட தையல் மிஷின், இது எங்க சித்தப்பா படிச்ச விளக்கு’ என்று அந்த வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அவர் கணவர், குடிநீர் வாரியத்தில் இன்ஜினியர், எல்லாச் சரித்திரத்துக்கும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் மகள் வாழப் போயிருக்கிறாள். ‘உங்க அப்பா வீட்லேர்ந்து என்னம்மா வந்துச்சு?’ என்று நாளைக்கு யாராவது கேட்டால் பிள்ளை எதைக் காட்டுவாள்? கோணல் ஸ்டூலையா? இதை நினைத்து நினைத்துப் பாலிஷ்காரருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நாலாம் நாள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடையில் அந்த நாற்காலியைப் பார்த்தார். ஆடும் நாற்காலி. நல்ல தேக்கு. கீழே இருக்கும் இரண்டு வளைவுக் கட்டைகளில் ஒன்று பிளந்துபோய், கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் அதன்மேல் ஓட்டை வாளிகளை அடுக்கியிருந்தார். பாலிஷ்காரருக்கு ரத்தம் கொதித்தது. “யோவ், மரம்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு?” என்று சண்டை பிடித்தே வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் பால்கனியே கதி. நல்ல கட்டையைச் செய்தித்தாள்மேல் வைத்து வரைந்து, அதே வளைவில் புதுக் கட்டை அறுத்தார். இரண்டும் மயிரிழை வித்தியாசப்பட்டாலும் நாற்காலி நொண்டும். நாலு தடவை மாட்டிக் கழற்றினார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பனியன் துணியில் பஞ்சைப் பொதிந்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து, பூச்சுமேல் பூச்சு. கைப்பிடியில் ஏதோ குழந்தை கடித்த பல் தடம் இருந்தது, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு பல். அதை மட்டும் தேய்க்காமல் விட்டார்.

“அதை ஏங்க விட்டீங்க?” என்றார் மனைவி.

“அதுதாம்மா அத்தாட்சி. எங்கப்பா உக்காந்த சேர், நான் பல்லு முளைக்கிறப்போ கடிச்சதுன்னு சொல்லிடலாம்.”

“பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது, சொல்லிட்டேன்.”

“ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணே ஒண்ணுதானே சொல்றேன்?”

“கல்யாணம்தான் போன மாசமே முடிஞ்சுபோச்சே! இப்ப எதுக்கு?”

பாலிஷ்காரர் பனியன் துணியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் இரண்டு குடும்பமும் கூடியது. சின்ன வீடு, ஜன்னலுக்கு இன்னும் திரைகூடப் போடவில்லை. பாலிஷ்காரர் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் வைத்து, மேலே போர்த்தியிருந்த பழைய போர்வையை உருவினார். இன்ஜினியர் சம்பந்தி அப்படியே வாயடைத்துப்போய் நின்றார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. நம்ம பாலிஷ் அப்படி என்று பாலிஷ்காரருக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் ஒத்திகை பார்த்ததைவிட நாலு வார்த்தை கூடுதலாகவே விட்டார்.

“எங்கப்பா உக்காந்த சேருங்க. வேலை விட்டு வந்தார்னா இதுலதான் சாய்வார். என்னை மடியில வெச்சு ஆட்டுவார். இதோ பாருங்க, கைப்பிடியில பல்லு! நான் கடிச்சதுதான். எங்கப்பா கடைசிவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா கிட்டே வந்தார். குனிந்தார். பல் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் மகனைத் திரும்பிப் பார்த்து, “டேய், இங்க வா. வாயைத் திற” என்றார்.

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் வாயைத் திறந்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

“இது என் பையன் கடிச்சதுங்க,” என்றார் சம்பந்தியம்மா, மெதுவாக. “ஒன்பதாம் மாசம். பக்கத்துல நின்னு நான் பார்த்துக்கிட்டிருந்தேன். இது எங்க வீட்டு சேர்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வந்த மனுஷன், அந்தப் பூசணிக்காய்க்குச் சொந்தக்காரர் வீட்டிலேயே இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்! மனைவி பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அவரைவிட அதிகமாக வேர்த்துக் கொட்டியது இன்ஜினியருக்கு. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி கத்தவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நெளிந்தார். கடைசியில் கையைத் தட்டி, பெரிதாகச் சிரித்தார்.

“சர்ப்ரைஸ்! நான்தான் சம்பந்திகிட்ட ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன். எட்டு மாசமா கார்ப்பென்டர்கிட்ட இருக்கு, இருக்குன்னு சொன்னேன்ல? அந்தக் கார்ப்பென்டர் இவர்தான். அப்பா சேர்னு சும்மா தமாஷ் பண்றார். இல்லீங்களா சம்பந்தி?”

கயிறு வந்துவிட்டது. பிடித்துக்கொண்டால் போதும். ‘ஆமா ஆமா’ என்று சிரித்துவிட்டால் மானம் தப்பும், மகளுக்கும் தலைக்குனிவு இல்லை. பாலிஷ்காரர் சிரிப்பதற்காக வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

மகள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குத் தாத்தாவைத் தெரியும். அவர் மார்க்கெட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். நின்றே காலத்தை ஓட்டிய மனுஷன். தாத்தா நாற்காலியில் சாய்ந்து அவள் பார்த்ததே இல்லை. தெரிந்தும் அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்தப் பிள்ளை இதே மாதிரி தரையைத்தானே பார்க்க வேண்டும்? எதைக் காட்டுவாள் என்று கவலைப்பட்டு வந்தவர், மறைக்க வேண்டிய ஒன்றை அல்லவா அவள் தலையில் கட்டப் பார்த்தார்!

“இல்லீங்கம்மா,” என்றார் பாலிஷ்காரர். “நான் சொன்னது பொய். எங்கப்பாவுக்கு சேரே கிடையாது. மார்க்கெட்ல வாட்ச்மேன் வேலை பார்த்தார். இது பழைய சாமான் கடையில உடைஞ்சு கிடந்துச்சு, நான்தான் எடுத்துட்டு வந்து சரிபண்ணினேன். எங்க வீட்ல குடுக்கிற மாதிரி பழசு ஒண்ணுமே இல்லைங்க. எதுவும் தங்கலை. அதைச் சொல்லிக்க வெட்கமா இருந்துச்சு.”

சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு வந்தது. மூன்று வாரமாக மார்புமேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அதற்கப்புறம்தான், இன்ஜினியரையும் சேர்த்தே குழியில் தள்ளிவிட்டோம் என்பது உறைத்தது.

“கடையிலா?” என்று சம்பந்தியம்மா கேட்டார். கேட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்பாடா! ஒருத்தராவது நிஜத்தைச் சொன்னாங்களே!” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“கார்ப்பென்டருக்குக் காய்ச்சல், கார்ப்பென்டர் ஊருக்குப் போயிட்டார், கார்ப்பென்டர் பொண்ணுக்குக் கல்யாணம்! எட்டு மாசமா எத்தனை கதை!” என்று கணவரைப் பார்த்தார். “நீங்க ஆட்டோல ஏத்திக்கிட்டுப் பழைய சாமான் கடைக்குப் போனதைக் கீழ்வீட்டம்மா போன வாரம்தான் சொன்னாங்க. அந்தக் கடைக்கே போனேன். ‘யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா, விறகுக்கா இருக்கும்’னுட்டான். அன்னிக்கு நான் சாப்பிடலை. உங்களுக்குத் தலைவலின்னு சொன்னேன். நீங்களா சொல்லுவீங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். “அது ஒண்ணுமில்லை... பல்பு மாட்டறதுக்கு மேல ஏறினேன்.”

“எதுமேல?”

“இந்த சேர்மேலதான்.”

“ஆடுற சேர்மேல ஏறியா பல்பு மாட்டினீங்க? உங்களை யாருங்க இன்ஜினியர் ஆக்கினது?”

முதலில் சிரித்தது பாலிஷ்காரரின் மனைவிதான். அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் எல்லாருமே. இன்ஜினியர் பாலிஷ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல வேளை கவுத்தீங்க சம்பந்தி. எட்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை” என்று காதோடு சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்தியம்மா பாலிஷ்காரரிடம் திரும்பினார். “நான் அப்படிக் கேட்டதே தப்புங்க. நாங்க முப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், எல்லாம் தங்குது. எல்லார் வீட்லயும் தங்கிடுமா? அதை யோசிக்காமக் கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“ஐயோ, என்னம்மா நீங்க...”

“இல்லைங்க. விறகாப் போச்சுன்னு நினைச்சதைத் திருப்பிக் கொண்டுவந்து வெச்சிருக்கீங்க. மூணு வாரம் உங்க கை இதுமேல இருந்திருக்கு. புழங்கின சாமான்னா இதுதாங்க.”

பாலிஷ்காரர் தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா எழுந்து மருமகளை உட்காரவைத்தார். மகள் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். கீச்சென்ற சத்தம்கூட இல்லை. உட்கார்ந்தபடியே குனிந்து இரண்டு கட்டைகளையும் தடவினாள்.

“இதுல எது அப்பா நீங்க செஞ்சது?”

“கண்டுபிடி பார்ப்போம்.”

மகள் தடவினாள். மாப்பிள்ளை மண்டியிட்டுப் பார்த்தார். சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. “இடது பக்கம்” என்றார் இன்ஜினியர், தயங்கித் தயங்கி. உடைத்தவருக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மாள், புதுசாகக் குடிவந்தவர்களைப் பார்த்துப்போகலாம் என்று எட்டிப் பார்த்தார். “அடேயப்பா, என்னமா மின்னுது! எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டார்.

பாலிஷ்காரர் மகளைப் பார்த்தார்.

“கடையில வாங்கலைங்க,” என்றாள் மகள், நாற்காலியை ஆட்டிக்கொண்டே. “எங்க மாமா உடைச்சார். எங்கப்பா செஞ்சார்.”