சுரண்டிய சுவர்

கோயிலில் கொடி ஏறியதும் கோவிந்தம்மா காப்புக் கட்டிக்கொண்டாள். தைப்பூசத்தன்று பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். கணவன் வீரசாமிக்கு மூச்சு சீராக வேண்டும்.

விரத வீடு சுத்தமாக இருக்க வேண்டும். முன்பு அடித்த பெரும்புயலுக்குப் பிறகு, தீவின் ரோஷ் புவா குடியிருப்பில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு அது. கூரையும் சுவரும் சாம்பல் நிற அஸ்பெஸ்டாஸ் தகடு. அடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து உட்சுவர் கறுத்திருந்தது. துணியால் துடைத்தாள். போகவில்லை.

அடுத்த வீட்டு மர்கெரித் ஒரு கம்பிப் பிரஷ் கொடுத்தாள். அவள் புருஷன் எதுவார், துறைமுகத்தில் கப்பல் துரு சுரண்டும் பிரஷ்.

"கப்பலே வெளுக்குது, வ்வாசின். உன் சுவர் எம்மாத்திரம்?" பக்கத்து வீட்டுக்காரியை அவள் வ்வாசின் என்றுதான் கூப்பிடுவாள்.

வீரசாமி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த காலையில் அவள் சுரண்டினாள். முதலில் முருகன் படம் மாட்டியிருந்த சுவர். அங்கே அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். கறுப்பு போனது. அதற்கு அடியிலிருந்தும் மெல்லியதாக மாவு போல உதிர்ந்தது. பாயில், குத்துவிளக்கில், அவள் தலைமுடியில் படிந்தது. வெயில் விழுந்த இடத்தில் காற்றில் நின்றது. சுவர் புதிதாகத் தெரிந்தது. அவளுக்குத் திருப்தி.

ஃபத்தாக் புல் துடைப்பத்தை எடுத்தபோது வீரசாமி வாசலில் நின்றான். போலீஸ் நிலையத்தில் புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிவிட்டதால் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.

"கூட்டாதே."

"ஏன்? முடிஞ்சிருச்சு. குப்பையைத் தள்ளிட்டா..."

"துடைப்பத்தைக் கீழே வை. மெதுவா. அசையாதே."

அவள் வைத்தாள். அவன் உள்ளே வரவில்லை. சுவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அவள் தலையைப் பார்த்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

"என்ன வேலை செஞ்சேன்னு கேட்டாரு. தகடு அறுத்தேன்னு சொன்னேன். ஆலைக் கொட்டகைக்கு அறுத்தேன், அப்புறம் இந்த வீடுங்களுக்கு அறுத்தேன். அந்தத் தூசிதான் நெஞ்சுல உட்கார்ந்திருக்காம்."

"மருந்து?"

"மருந்து இல்லை. தகடு முழுசா நின்னா ஒண்ணும் செய்யாது, அறுக்காதே, உடைக்காதே, சுரண்டாதேன்னாரு."

கோவிந்தம்மா தன் கைகளைப் பார்த்தாள்.

புயல் காலத்துக்காகப் பிடித்து வைத்த குடிநீர் மூன்று வாளி இருந்தது. அவன் ஒன்றைச் சரித்துத் தரையில் மெல்ல ஓடவிட்டான். சட்டையைக் கிழித்து நனைத்து இருவர் மூக்கிலும் கட்டினான். அவளை வாசலில் நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினான். சாம்பல் நிறமாக வடிந்தது. ஈரத் துணியால் தரையை ஒரே பக்கமாகத் துடைத்தார்கள். துடைத்த துணியை உதறவோ அலசவோ அவன் விடவில்லை. மடித்து, மூடியுள்ள தகர டின்னில் போட்டான். பாயையும் நனைத்துச் சுருட்டிக் கட்டினான்.

"என் பாய்," என்றாள்.

"போகட்டும்."

காற்று ஏறியது. வாசலில் நடந்ததையெல்லாம் கேட்டிருந்த மர்கெரித் வேலியருகே வந்து கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க! எங்க சுவரை எவளும் சுரண்டலை. நான் சோம்பேறி, அந்த பொஞ்யே சாமிக்குத் தெரியும்!"

அவள் பின்னால் வறுத்த உப்புமீன் வாசனை வந்தது.

"போ," என்றான் வீரசாமி. "நானும் வரேன்."

"காப்புக் கட்டியிருக்கேன். மீன் வேகிற வீட்டில் படுக்க முடியாது."

"அவிழ்த்துடு."

"உங்களுக்காகக் கட்டினது."

"எனக்காகத்தான் சொல்றேன்."

அவள் மஞ்சள் கயிற்றை மறு கையால் பொத்திக்கொண்டாள். "நீங்க போங்க. நான் இருக்கேன்."

அவன் போகவில்லை. மர்கெரித் சிறிது நேரம் நின்றுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

எதுவார் வந்து ஜன்னலுக்கு வெளியே பலகை வைத்து ஆணி அடித்தான். முதல் அடியிலேயே உட்புறம் தூள் கொட்டியது.

"தகட்டில் அடிக்காதே!" என்று வீரசாமி கத்தினான். இருமல் வந்து அவனை வளைத்தது. "மரச்சட்டத்தில்! சட்டத்தில்!"

"சட்டம் எங்கேய்யா இருக்கு? எல்லாம் தகடுதானே!"

"ஓரத்தில் இருக்கு. நான் அறைஞ்சதுதான். அங்கே அடி!"

எதுவார் ஓரத்தில் அடித்தான். கதவுக்கும் குறுக்குக் கட்டை விழுந்தது. நடுப்பகலிலேயே உள்ளே இருட்டானது.

எட்டாத இடங்களில், சுரண்டிய சுவரின் மேல்பகுதியில், தூசி இன்னும் இருந்தது. காற்று கூரையை உலுக்கும்போதெல்லாம் விளக்கின் முன்னால் துகள்கள் இறங்கின. கதவைத் திறந்தால் கூரை போகும். மூடினால் இந்தத் தூசி.

பூசத்துக்கு வெள்ளையடிக்க அவள் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தாள். வீரசாமி அதைக் குழைத்தான். கெட்டியாக, ஈரமாக. பெட்டி மேல் ஏறி மேலிருந்து பூசினான். அவள் விளக்கைப் பிடித்தாள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசினான். தூசி சுண்ணாம்பில் ஒட்டி அங்கேயே நின்றது. நடுநடுவே இறங்கி முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினான். பிறகு அவள் ஏறினாள். அவன் விளக்கைப் பிடித்தான்.

முருகன் படத்தின் பின்னால் வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.

ஒரு கை அகலம் மீதி இருந்தது. அங்கேதான் அவள் அதிகம் சுரண்டியிருந்தாள். தகட்டின் நார் முடி போல வெளியே நின்றது.

அவள் தன் பூசைச் சேலையை எடுத்தாள். பால்குடத்துக்கென்று வைத்த மஞ்சள் சேலை. நனைத்து, நான்காக மடித்து, அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். ஓரங்களை அவன் மரச்சட்டத்தில் அறைந்தான்.

"இது காய்ஞ்சா?" என்றாள்.

"மறுபடி நனைக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நல்ல பெயின்ட் வாங்கிற வரைக்கும். வீட்டை மாத்த முடியாதே."

ஒரே ஒரு வாளி தண்ணீர் மீதி இருந்தது. குடிக்கவும் நனைக்கவும்.

வீரசாமி ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். உடனே முதுகை எடுத்துக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் படாமல், நடுவில். வெளியே காற்று அலறியது.

"நான் எவ்வளவு முழுங்கியிருப்பேன்?" என்றாள்.

"ஒரு காலைதானே. நான் வருஷக்கணக்கா."

"அது பதில் இல்லை."

அவன் மூக்குத் துணியை எடுத்து வாளியில் நனைத்துத் திரும்ப அவளுக்குக் கட்டினான். காதுக்குப் பின்னால் முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

அவளுக்குத் தொண்டை கரகரத்தது. சுண்ணாம்பாக இருக்கலாம். விளக்குப் புகையாக இருக்கலாம். இருமாமல் அடக்கினாள். அவன் காதில் விழக் கூடாது.

அவன் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தான்.